எல்லைச் சாமிக்கு அந்தப் பக்கம்

எங்கள் ஊரில் குடிக்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. குடியை விடுவதையே பிழைப்பாக வைத்திருந்தவர் ஒருவர்தான். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும் மரக்காணத்தில் யாருக்கும் தெரியாது. எஞ்சின்காரர் என்றால்தான் தெரியும். உப்பங்கழியிலிருந்து தண்ணீரை உப்பளத்துப் பாத்திகளுக்கு இறைக்கிற டீசல் எஞ்சினை ஓட்டிக்கொண்டிருந்தார். எங்களுக்கு எதிர்வீடு. உறவு ஒன்றும் கிடையாது. ஆனாலும் அவரை மாமா என்றும், அவர் மனைவியை அத்தை என்றும்தான் கூப்பிடுவேன். அத்தைக்கு அதே அளத்தில் உப்பு வாருகிற வேலை. பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள்.

நான் அப்போது பஸ் ஸ்டாண்டை ஒட்டி எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். எல்லார் கைக்கும் செல்போன் வராத காலம். பூத்துக்குக் கண்ணாடிக் கதவு உண்டு. ஆனால் எங்கள் ஊர்க்காரர்களின் தொண்டைக்குக் கண்ணாடி ஒரு தடையே இல்லை. பக்கத்தில் டீக்கடை வேறு. அதனால் இதில் பாதி கண்ணால் பார்த்தது, மீதி காதில் விழுந்தது.

எஞ்சின் விஷயத்தில் அவர் கெட்டிக்காரர். ஓடிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் நின்றுவிட்டால் டீசலைக் குறை சொல்கிறவனை அவருக்குப் பிடிக்காது. "டீசல் இன்னாப்பா பண்ணும்? உப்புக்காத்து இன்னா பண்ணும்? உள்ள தொறந்து பாரு. கோளாறு உள்ளதான் இருக்கும்" என்பார். சொன்ன மாதிரியே உள்ளேதான் இருக்கும். தன் விஷயத்தில் மட்டும் கோளாறு எல்லாம் வெளியே இருந்தது. இதை என் அப்பா ஒருநாள் அவரிடம் நேராகவே சொன்னார். "எஞ்சினுக்குச் சொல்றதைக் கொஞ்சம் உனக்கும் சொல்லிக்கயேன்பா."

அவர் அப்பாவைப் பரிதாபமாகப் பார்த்தார். "அண்ணே, எஞ்சினுக்கு மச்சான் உண்டா? மாமனார் உண்டா? கவலை உண்டா? அது சுத்தினா போதும். நான் அப்படியா?" அப்பாவுக்கும் மச்சான்கள் உண்டு. ஒத்துக்கொண்டு வந்துவிட்டார்.

முதலில் சைக்கிள். "அரசாங்கக் கடைகிட்ட போனா அந்த சைக்கிளு தானா திரும்புது பாப்பா. நான் எவ்ளோ இழுத்தாலும் நேரா போவ மாட்டேங்குது" என்று என்னிடமே சொல்லிவிட்டு சைக்கிளை விற்றார். பிறகு நடந்து போனார். கால்களும் அதே இடத்தில் திரும்பின. கால்களை வாங்க ஆள் கிடைக்கவில்லை.

அடுத்தது வாசல். திண்டிவனத்திலிருந்து வந்த வாஸ்துக்காரர் ஒருவர், தெற்கு வாசல் இருக்கும்வரை இந்த வீட்டு ஆண்பிள்ளை தள்ளாடத்தான் செய்வான் என்றார். தெற்கு வாசலை அடைத்துக் கிழக்கே சுவரை உடைத்து வாசல் வைத்தார்கள். கிழக்கே பக்கத்து வீட்டு எருமை கட்டியிருந்தது. அதற்கப்புறம் அந்த வீட்டுக்குப் போகிற யாரும் எருமையிடம் உத்தரவு வாங்காமல் உள்ளே போக முடியாது. மாமா வழக்கம்போலவே தள்ளாடினார். எருமையைத் தாண்ட வேண்டியிருந்ததால் கூடுதலாகக் கொஞ்சம் கீழே விழுந்தார்.

மீசையை எடுத்தார். பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டினார். நெத்திலிக் கருவாட்டு வாசம்தான் குடிக்கக் கூப்பிடுகிறது என்று கண்டுபிடித்து வீட்டில் கருவாட்டைத் தடை செய்தார். அத்தையும் மகளும் வெறும் ரசத்தோடு சாப்பிட்டார்கள். இவர் கடையில் கருவாட்டு வறுவலோடு குடித்துவிட்டு வந்தார். கூட்டாளிகள் சரியில்லை என்று பழைய கூட்டாளிகளை விட்டுவிட்டுப் புதுக் கூட்டாளிகளைப் பிடித்தார். பழையவர்கள் சாயங்காலம் மட்டும் குடிப்பவர்கள். புதியவர்களுக்கு அந்த மாதிரிக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது.

ஒருமுறை அத்தை, பஸ்ஸில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து, குடியை மறக்கடிக்கும் பொடி ஒன்றை வரவழைத்துக் குழம்பில் கலந்தாள். கலந்ததை அவர் மோப்பம் பிடித்துவிட்டார். "இன்னைக்குக் குழம்பு பிரமாதம், எதிர்வீட்டு அண்ணனுக்குக் குடுத்துட்டு வா" என்று மகளிடம் கிண்ணத்தைக் கொடுத்தனுப்பினார். என் அப்பா வாழ்க்கையில் சாராயத்தை மோந்துகூடப் பார்க்காதவர். அந்தக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு ஒரு வாரம் காபியைக் கண்டாலே குமட்டுகிறது என்றார். மருந்து வேலை செய்கிறது என்பதில் அத்தைக்கு மட்டும் ஒரு திருப்தி.

இதையெல்லாம் படித்துவிட்டு அவரை வெறும் சாக்குப்போக்கு ஆசாமி என்று நினைத்துவிடக் கூடாது. சுனாமி வந்துபோன பிறகு, எங்கள் கரையில் குடிக்கிற ஒவ்வொருவனுக்கும் யாரும் மறுக்க முடியாத ஒரு காரணம் கிடைத்தது. டீக்கடையில் ஒருத்தன் அவரைக் கூப்பிட்டான். "வா மாமா, மனசே சரியில்ல." அவர் போகவில்லை. "செத்தவங்க பேரைச் சொல்லிக் குடிக்கக் கூடாதுடா. வேற காரணம் இருந்தா சொல்லு, வர்றேன்" என்றார். எனக்கு அவர்மேல் பிரியம் வந்தது அன்றைக்குத்தான். வேறு காரணம் சாயங்காலமே கிடைத்துவிட்டது என்பது வேறு விஷயம்.

கடைசியில் கயிறு. எங்கள் ஊர் எல்லையில் காவலுக்கு ஒரு சாமி உண்டு. குடியை விட நினைக்கிறவன் அங்கே போய்க் கையில் கயிறு கட்டிக்கொள்ள வேண்டும். "எதுவரைக்கும்?" என்று பூசாரி பஸ் கண்டக்டர் மாதிரி கேட்பார். உப்பு சீசன் முடிகிறவரை, தங்கச்சி கல்யாணம்வரை என்று கெடு சொல்வார்கள். அதற்குள் தொட்டால் ரத்தம் கக்கிச் சாவான் என்பது நம்பிக்கை. கயிற்றைத்தான் எங்கள் பக்கத்து ஆண்கள் உண்மையிலேயே பயந்து மதித்தார்கள். மாமாவும் மகள் படிப்பு முடிகிறவரை என்று சொல்லிக் கட்டிக்கொண்டு சில வாரம் சுத்தமாக இருந்தார். அத்தை அளத்துக்குப் பூ வைத்துக்கொண்டு போனாள்.

அப்புறம் எஞ்சினுக்கு ஏதோ சாமான் வாங்கப் பாண்டிச்சேரிக்குப் போனார். எங்கள் கடற்கரை ரோட்டில் தெற்கே போனால் கீழ்புத்துப்பட்டோடு தமிழ்நாடு முடிந்து பாண்டிச்சேரி வந்துவிடும். வந்ததும் முதலில் கண்ணில் படுவது சாராயக் கடைகள்தான். அங்கே நடுங்கிக்கொண்டே ஒரு கிளாஸ் குடித்துவிட்டு, ரத்தம் கக்குவதற்காக ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து காத்திருந்திருக்கிறார். ஒன்றும் வரவில்லை. யோசித்திருக்கிறார். மறுநாள் டீக்கடையில் தன் தீர்ப்பைச் சொன்னார்.

"அது எல்லைச் சாமிதானேப்பா? எல்லைக்கு அந்தப் பக்கம் அதுக்கு இன்னா வேலை?"

டீக்கடை அமைதியாகிவிட்டது. பெரிய உதவி கிடைத்தவர்களின் அமைதி அது. அதற்கப்புறம் அந்தச் சாமிக்குக் கூடின பக்தர் கூட்டம் அதற்கு முன்னால் கூடினதே இல்லை. சாயங்கால பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருக்கிற கையெல்லாம் கயிறு. ஊருக்குள் ஒருத்தனும் குடிப்பதில்லை. ஊரே ஒழுக்கமாகிவிட்டது, பஸ்ஸில் ஏறுகிறவரை. பெண்கள் கூட்டமாகப் போய்ப் பூசாரியிடம் சண்டை போட்டார்கள். "சாமியை எல்லை தாண்டி நான் எப்படிம்மா அனுப்பறது?" என்று அவர் கையை விரித்தார். ஒரே ஒருத்தி மட்டும் புருஷனை இழுத்துக்கொண்டு பாண்டிச்சேரிப் பக்கத்துக் கோயிலுக்குப் போய் இடது கையிலும் ஒரு கயிறு கட்டிக் கூட்டிவந்தாள். பாவம், அந்த வருஷம் எங்கள் ஊரில் நிஜமாகக் குடிக்காமல் இருந்தவன் அவன் மட்டும்தான். அவனைப் பார்த்தால் மற்றவர்கள் துக்கம் விசாரிப்பது போலப் பேசினார்கள்.

அத்தை போனது ஒரு மத்தியானம். அளத்தில் காலையிலிருந்து உப்பு வாரிவிட்டு, வெடித்த காலோடு சமைக்கலாம் என்று வந்தாள். அடுப்பு இல்லை. அடுப்பு இருக்கிற மூலைதான் குடிக்கக் காரணம் என்று யாரோ சொல்லி, மாமா அதை இடித்துவிட்டு வேறு மூலையில் புதிதாக மண் குழைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்குக் குடிக்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும். ஈர மண்ணில் கையை வைத்தபடி, "இனிமே பாரேன், எல்லாம் சரியாயிடும்" என்றார்.

அத்தை சத்தம் போடவில்லை. ஆனாலும் எதிரே எங்கள் வாசலில் நின்ற எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"வாசலை மாத்தின. மீசையை மாத்தின. பேரை மாத்தின. அடுப்பையும் மாத்திட்ட. இந்த வீட்ல இனிமே மாத்தறதுக்கு நான்தான் பாக்கி. நீ எதுக்குச் சிரமப்படற? நானே போறேன்."

மகளைக் கூட்டிக்கொண்டு இரும்பை என்கிற ஊரில் இருக்கிற அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். பக்கத்துக் குயிலாப்பாளையத்தில் வெள்ளைக்காரர்கள் தங்குகிற ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையல்கட்டு வேலை கிடைத்தது. திரும்பி வருகிற மாதிரி தெரியவில்லை. மாமா ஈர அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது காய்ந்த பிறகும் அதில் யாரும் தீ மூட்டவில்லை.

போய்க் கூட்டிவர வேண்டியதுதானே என்று கேட்கலாம். எங்கள் ரோட்டின் குறும்பு அங்கேதான் இருக்கிறது. இரும்பை தமிழ்நாடுதான், மரக்காணமும் தமிழ்நாடுதான். நடுவில் ஒரு துண்டு பாண்டிச்சேரி. அதைத் தாண்டித்தான் பஸ் போக வேண்டும். மாமா வேட்டி துவைத்துக் கட்டிக்கொண்டு, மகளுக்கு மிக்சர் பொட்டலம் வாங்கிக்கொண்டு, என் பூத் வழியாகக் கம்பீரமாகப் போய் பஸ் ஏறுவார். மறுநாள் காலையில் பொட்டலம் இல்லாமல் வந்து இறங்குவார். இரும்பை மண்ணை அவர் மிதிக்கவே இல்லை.

"இன்னா மாமா, அத்தையைப் பாத்தீங்களா?"

"எங்க பாப்பா! அந்தக் கண்டக்டர் கரெக்டா அந்த எடத்துல நிறுத்தறான். நிறுத்திட்டு விசில் வேற அடிக்கறான்."

இந்தப் படையெடுப்பு பலமுறை நடந்தது. கண்டக்டர் அந்த ஸ்டாப்புக்கே எஞ்சின்காரர் ஸ்டாப் என்று பெயர் வைத்துவிட்டான்.

அடுத்த உப்பு சீசன் ஆரம்பிக்கிற நேரம். அளத்தில் பாத்திகளைக் காலால் மிதித்து இறுக்குகிற வேலை நடந்துகொண்டிருந்தது. அந்த வேலைக்கு அத்தை வரவில்லை. ஒருநாள் சாயங்காலம் மாமா பூத்துக்குள் வந்து கெஸ்ட் ஹவுஸுக்குப் போன் போட்டார். அத்தையைக் கூப்பிட ஆள் போனது. அவள் வருகிறவரை ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான்தான். இந்த ஞாயித்துக்கெழமை வர்றேன்" என்று ஆரம்பித்தார். பிறகு பேச்சு அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது. "இல்ல, அந்தக் கண்டக்டர்..." என்று ஒருமுறை சொன்னார். முடிக்கவில்லை. அத்தை கேட்டது என்ன என்று அவளே பிற்பாடு என்னிடம் சொன்னாள். போன தடவை அவர் வருகிறார் என்று நம்பி, மகள் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக மெயின் ரோட்டுக்குப் போய் இருட்டுகிறவரை ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அதைச் சொல்லிவிட்டு அத்தை கேட்டிருக்கிறாள்: "பஸ்ஸை நிறுத்தினது கண்டக்டரு. சரி. எறங்கினது யாரு?"

மாமா ரிசீவரை ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு மாற்றினார். வெளியே இன்னொருத்தர் போன் பேசக் காத்திருந்தார். கண்ணாடியைத் தட்டினார். நான் அவரை முறைத்தேன்.

"எறங்கினது நான்தான்" என்றார் மாமா.

பிறகு, யாரோ பக்கத்திலிருந்து கேட்டுவிடப் போகிறார்கள் என்பது போல மெதுவாகச் சொன்னார். "எறங்கினது நான்னா, எறங்காம இருக்கவும் என்னால முடியும்னுதானே அர்த்தம்? முடியும்னு தோணுது."

"யாரு சொன்னா? ஜோசியக்காரனா?" என்று அத்தை கேட்டிருக்கிறாள்.

"யாரும் சொல்லல. நானாத்தான் சொல்றேன்."

அத்தை போனை வைத்துவிட்டாள். நம்பவில்லை என்றாள் என்னிடம். அன்றைக்கு ராத்திரி சாதம் இறங்கவில்லை என்பதையும் அவளேதான் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா முதலில் எல்லைச் சாமி கோயிலுக்குப் போனார். கையில் இருந்த கயிற்றை அறுக்கச் சொன்னார். பூசாரி பதறிப்போனார். "கெடு இன்னும் முடியலியேப்பா! சாமி குத்தம் ஆயிடும்." மாமா கேட்கவில்லை. "சாமி மேல கோவம் ஒண்ணும் இல்ல. எல்லை வரைக்கும் அது வந்துடுது. அதுக்கப்புறம் நான் தனியாத்தானே போவணும்? தனியா போயிப் பழகிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, அங்கே எலுமிச்சை நறுக்க வைத்திருந்த அருவாமனையில் தானே அறுத்துக்கொண்டார். அவர் பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் செய்தி வந்துவிட்டது. டீக்கடையில் எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். எஞ்சின்காரர் இனிமேல் உள்ளூரிலேயே குடிக்கப்போகிறார் என்று முடிவு கட்டினார்கள்.

பூத்துக்குச் சாமான் வாங்க நானும் அன்றைக்குப் பாண்டிக்குக் கிளம்பியிருந்தேன். அதே பஸ். மாமா எனக்கு முன் சீட்டில், மடியில் மிக்சர் பொட்டலம். கீழ்புத்துப்பட்டு தாண்டியது. எஞ்சின்காரர் ஸ்டாப் வந்தது. பஸ் நின்றது. கயிறு கட்டின கைகள் எல்லாம் இறங்கின. மாமா எழுந்திருக்கவில்லை. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நின்றான்.

"எஞ்சின்காரரே, உங்க ஸ்டாப்பு."

அவர் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்தார். கயிறு இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. கழுத்துப் பக்கம் சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. கீழே இறங்கினவர்களில் ஒருத்தன் ஜன்னலைத் தட்டி, "வா மாமா, எடம் புடிச்சு வைக்கிறேன்" என்று கத்தினான். பின்னால் இருந்து ஒரு பெரியவர், "எறங்கறவரு சட்டுனு எறங்குப்பா, நேரமாவுது" என்று அவசரப்படுத்தினார். ஒரு பஸ்ஸே சேர்ந்து ஒரு மனுஷனைக் குடிக்க அனுப்பிவைக்கக் காத்திருந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சாமி கூட வரவில்லை, கயிறும் இல்லை, இப்போது எழுந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"நான் அடுத்த ஸ்டாப்புக்கும் மேல டிக்கெட் எடுத்திருக்கேம்பா" என்றார். டிக்கெட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். "வண்டியை எடு."

கண்டக்டர் டிரைவரைப் பார்த்தான். டிரைவர் கண்ணாடியில் இவரைப் பார்த்தான். பஸ் கிளம்பியது.

இரும்பையில் அத்தை அவரை வாசலிலேயே நிறுத்தி, முதலில் கையைப் பார்த்தாளாம். "கயிறு எங்க?" "அறுத்துட்டேன்." வாயை ஊதச் சொல்லி மோந்து பார்த்தாளாம். மகள் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். அத்தை உடனே மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள் என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்கு அத்தையைத் தெரியாது. "வந்துட்ட. சரி. திரும்பிப் போற வழியிலயும் அதே ஸ்டாப்பு இருக்குது. ஊரு போயிச் சேரு. நாளைக்கு வா" என்றாள்.

நாளைக்கும் போனார். அதற்கு மறுநாளும். வேலை முடிந்ததும் இரும்பைக்குப் போவதும், அத்தை ஊதச் சொல்வதும், அதே ஸ்டாப் வழியாகத் திரும்பி வருவதுமாக இருந்தார். சில நாள் முகம் வெளிறிப்போய் வந்து இறங்குவார். ஆனால் இறங்குவது மரக்காணத்தில்.

டீக்கடைக்கு இது தாங்கவில்லை. ஒரு மனுஷன் தினமும் எல்லா ஊர்க் கடையையும் தாண்டி இரும்பைக்குப் போகிறான் என்றால் அங்கே ஏதோ பெரிய விசேஷம் இருக்க வேண்டும். "இரும்பையில புதுசா எதுனா கடை தொறந்திருக்கானா?" என்று என்னிடம் வந்து விசாரித்தார்கள். எனக்குத் தெரியாது என்றேன். இரண்டு பேர் மெனக்கெட்டு அவர் பின்னாலேயே பஸ் ஏறிப் போனார்கள். மச்சான் வீட்டு வாசலில் எஞ்சின்காரர் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு மிகுந்த மனவருத்தத்தோடு திரும்பி வந்தார்கள்.

பாத்திகளுக்குத் தண்ணீர் விடுகிற வாரத்தில் அத்தை வந்தாள். எருமையைத் தாண்டி உள்ளே போய், புது அடுப்பை ஒரு பார்வை பார்த்தாள். "அடுப்பைப் பழைய எடத்துலயே போடு" என்றாள். அன்றைக்கே போட்டார்.

அதற்குப் பிறகு அவர் தொடவே இல்லை என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். தொட்டார். உப்பு நன்றாக விளைந்திருந்த ஒரு நாள், ஒரு துக்கமும் இல்லாத நாள், தள்ளாடிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் காலையில் டீக்கடை முழுக்க அவருக்காகக் காத்திருந்தது. அடுப்பு பழைய மூலைக்குப் போனதுதான் காரணம் என்று ஒருத்தர், கயிற்றை அறுத்த குத்தம் என்று இன்னொருத்தர். மாமா வந்து டீயை வாங்கிக்கொண்டார்.

"காரணம் ஒண்ணும் இல்லப்பா. நானாத்தான் போனேன். இன்னைக்குப் போவல."

காரணம் பேச வந்தவர்கள் ஒவ்வொருத்தராக டீக்குக் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். காரணம் இல்லை, நானாகத்தான் போனேன் என்று முந்தின ராத்திரி வீட்டிலும் சொல்லியிருக்கிறார். அத்தை என்ன சொன்னாள் என்று அவரிடம் கேட்டேன். மூட்டை கட்டியிருப்பாளோ என்று எனக்கு உள்ளூரப் பயம்.

"இன்னா சொல்லுவா? உள்ள வா, சோறு ஆறிப்போவுதுன்னா" என்றார்.